அடுத்த வீட்டுச் செய்முறை, நம் வீட்டு எலுமிச்சை: லெமன் டெலிஷியஸ் முழுமையான வழிகாட்டி

மெல்போர்னில் இருக்கும் என் அண்ணி, பக்கத்து வீட்டு மூதாட்டி தம் கைப்பட எழுதிக்கொடுத்த ஒரு சமையல் குறிப்பைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். பெயர் லெமன் டெலிஷியஸ். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பல வீடுகளில் தலைமுறையாகச் செய்துவரும் இனிப்பு இது. ஒரே கலவையை ஒரே பாத்திரத்தில் ஊற்றி அவனில் (கேக் வேகவைக்கும் அடுப்பில்) வைக்கிறோம். வெந்து வெளியே வரும்போது அது இரண்டாகப் பிரிந்திருக்கும்: மேலே பஞ்சுபோன்ற கேக், அடியில் எலுமிச்சை மணக்கும் மஞ்சள் குழம்பு. கரண்டியை ஆழமாக விட்டு எடுத்தால் இரண்டும் சேர்ந்து வரும்.

குறிப்பு எட்டே வரி. வெண்ணெய் 60 கிராம், கேஸ்டர் சர்க்கரை முக்கால் கப், எலுமிச்சை இரண்டு, முட்டை மூன்று, செல்ஃப் ரெய்சிங் மாவு மூன்று மேசைக்கரண்டி, ஃபுல் கிரீம் பால் ஒரு கப். பிறகு சேர்க்கும் வரிசை இரண்டு வரியில். கடைசியாக, “மிதமான அடுப்பில், தண்ணீர்த் தட்டில், 45 நிமிடம்.”

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டில் இதை முதன்முறை செய்தபோது ஒரு சொல்கூட மாற்றவில்லை. இரண்டு எலுமிச்சை என்றால் இரண்டு எலுமிச்சை. ஃபுல் கிரீம் பால் என்றால், அப்படி எழுதியிருந்த பாக்கெட்டையே தேடி வாங்கினேன். வந்த பண்டத்தில் முட்டை வாடை தூக்கலாக இருந்தது. புளிப்பே தெரியவில்லை. அடியில் இருந்த குழம்பு நீர்த்துப்போய், மேலே எண்ணெய் மின்னியது. செய்முறையில் பிழை என்று நினைத்தேன். பிழை செய்முறையில் இல்லை. அதில் உள்ள சொற்களுக்கு அவர் வீட்டில் ஒரு பொருள், என் வீட்டில் வேறொரு பொருள்.

இது விளங்கியது ஒரு ரச நாளில்தான். “எலுமிச்சம்பழ அளவு புளி” என்று நாம் எழுதுவதை அந்த மூதாட்டி படித்தால் என்ன செய்வார்? தம் தோட்டத்து மரத்திலிருந்து ஒன்றைப் பறித்து, அதற்கு ஒப்பாக ஒரு புளி உருண்டையைப் பிடிப்பார். அந்தப் பழம் நம் பழத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. அந்த ரசத்தை யாரும் வாயில் வைக்க முடியாது. நான் அவருடைய குறிப்புக்குச் செய்ததும் இதே தவறுதான், எதிர்த் திசையில்.

ஆகவே இந்த வழிகாட்டி இரண்டு வேலைகளைப் பற்றியது. முதலாவது, பிறர் எழுதிய அளவுகளை நம் சமையலறையின் அளவுகளாக மொழிபெயர்ப்பது. இரண்டாவது, அப்படி மொழிபெயர்த்ததை முதல் முறை எந்தச் சொந்தக் கற்பனையும் சேர்க்காமல் செய்து முடிப்பது. சர்க்கரையைக் குறைப்பது, குங்குமப்பூ தூவுவது, மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு போடுவது எல்லாம் பிறகு. அவர் தந்தது எப்படி இருக்கும் என்று தெரியாமல் அதை மாற்றினால், எதை மாற்றினோம் என்பதே நமக்குத் தெரியாது.

எலுமிச்சையிலிருந்து தொடங்க வேண்டும்

நம் மொழியில் இரண்டு பழங்களுக்கு ஒரே பெயர் இருக்கிறது. குழப்பத்தின் வேர் அங்கேதான். ஆஸ்திரேலியக் குறிப்பில் வரும் எலுமிச்சை பெரும்பாலும் யூரேகா அல்லது லிஸ்பன் வகை. நீள்வட்ட வடிவம், தடித்த மஞ்சள் தோல், முனையில் ஒரு சிறு கூம்பு. தாவரவியலில் அதற்குப் பெயர் சிட்ரஸ் லிமோன். நம் சந்தையில் குவித்துவைத்திருக்கும் உருண்டையான, மெல்லிய தோலுள்ள சிறு பழம் சிட்ரஸ் ஆரண்டிஃபோலியா என்ற வேறு இனம். ஆங்கிலத்தில் அதை லைம் என்பார்கள். கர்நாடகத்தின் விஜயபுர மாவட்டத்தில் விளையும் இண்டி எலுமிச்சை புவிசார் குறியீடு பெற்றது. அதுவும் இந்தச் சிறு பழ வகைதான்.

புளிப்பில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு சாற்றின் அளவிலும் தோலின் வாசனையிலும் இருக்கிறது. ஒரு யூரேகா பழத்தைப் பிழிந்தால் 40 முதல் 50 மில்லி வரை சாறு கிடைக்கும். நம் பழம் 15 முதல் 20 மில்லி தரும். நன்கு பருத்தது 25 தரும். எனவே “இரண்டு எலுமிச்சை” என்பதைப் பழ எண்ணிக்கையாகப் படிக்கக் கூடாது. 85 மில்லி சாறு என்று படிக்க வேண்டும். நம் பழத்தில் அதற்கு ஐந்து தேவைப்படும். பழம் சிறுத்துப்போகும் கோடையில் ஆறுகூட ஆகலாம்.

பழம் வாங்கும்போது பச்சையாக, கல்போல் இருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். தோல் மஞ்சளுக்குத் திரும்பியிருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சற்றே நெகிழ வேண்டும். கையில் வைத்தால் அதன் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். கனமே சாறு. பச்சைத் தோலின் வாசனை ஊறுகாய்க்கு அருமை. இந்த இனிப்புக்கு அது கூர்மை அதிகம். மஞ்சள் பழத்தின் தோலில் அந்தக் கூர்மை தணிந்திருக்கும். பெங்களூருச் சந்தைகளில் பக்கத்திலேயே ஹெரளெக்காய் என்று கன்னடத்தில் சொல்லும் பெரிய காயும் இருக்கும். பெரிதாக இருக்கிறதே, வெளிநாட்டு எலுமிச்சைக்கு ஈடாகுமே என்று அதை வாங்கிவிட வேண்டாம். நம் நாரத்தங்காயைப்போல் கசப்புள்ள காய் அது. சித்திரான்னத்துக்கும் ஊறுகாய்க்கும் உரியது.

பெரிய கடைகளில் இறக்குமதியான மஞ்சள் எலுமிச்சையும் கிடைக்கிறது. வாங்கிச் செய்து பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்தப் பழத்தின் தோலில் பளபளப்புக்காக மெழுகு பூசியிருப்பார்கள். வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்த பிறகே துருவ வேண்டும். என் தேர்வு நம் பழம்தான். இங்கே விளையும் பழத்தின் மணம் அந்தக் குழம்புக்குள் இறங்கும்போது, கடன் வாங்கிய பண்டம் நம் வீட்டுக்கு வந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

தோலைத் துருவுவது தனிப் பாடம். மணம் முழுவதும் வெளித்தோலில் உள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. அதற்கு உடனே கீழே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். நம் பழத்தில் இந்த இரண்டுக்கும் இடையே நூலளவு தூரம்தான். தேங்காய் துருவியில் இது நடக்காது. இஞ்சி, ஜாதிக்காய் துருவும் மிக நுண்ணிய துருவி வேண்டும். பழத்தை ஒரே இடத்தில் இரண்டாவது முறை இழுக்காதீர்கள். ஒரு இழுப்பு, ஒரு திருப்பு. நான்கு பழங்களின் தோல் போதும். ஐந்தாவதன் தோலை விட்டுவிடலாம். துருவிய பிறகே பழத்தை அறுக்க வேண்டும். அறுத்த பழத்தைத் துருவ முயன்றால் விரல்தான் துருவப்படும்.

மற்றப் பொருள்களின் மொழிபெயர்ப்பு

பால்தான் என்னை அதிகம் ஏமாற்றியது. ஆஸ்திரேலியாவில் ஃபுல் கிரீம் பால் என்று விற்பதில் சுமார் மூன்றரை விழுக்காடு கொழுப்பு இருக்கும். இந்தியாவில் அதே பெயருடன் வரும் பாலில் குறைந்தது 6 விழுக்காடு கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. நான்கரை விழுக்காடு உள்ளது ஸ்டாண்டர்டைஸ்டு பால், 3 விழுக்காடு உள்ளது டோன்டு பால். ஆக, மூதாட்டியின் ஃபுல் கிரீம் பாலுக்கு நம் ஊரில் நெருங்கிய உறவு டோன்டு பால். பெயரைப் பார்த்து வாங்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொழுப்பு சேர்ந்துவிடும். முதல் முறை என் குழம்பில் எண்ணெய் மின்னியதற்கு அதுவே காரணம். பாக்கெட்டின் பின்புறம் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். காய்ச்சிய பால் என்றால் ஆறவைத்து, ஆடையை வடிகட்டி எடுத்துவிட வேண்டும்.

கரண்டியில் இன்னொரு மறைபொருள் இருக்கிறது. நாம் வாங்கும் அளவுக் கரண்டிகளில் ஒரு மேசைக்கரண்டி 15 மில்லி. ஆஸ்திரேலியாவின் மேசைக்கரண்டி 20 மில்லி, அதாவது நான்கு தேக்கரண்டி. மூன்று கரண்டி மாவில் இந்த வேறுபாடு 15 மில்லி, கால் பங்கு குறைவு. மாவே மிகக் குறைவாக உள்ள பண்டத்தில் கால் பங்கு குறைந்தால் கேக் நிற்காது. அவர்களுடைய கப் 250 மில்லி. நம் வீட்டுக் கப் எவ்வளவு என்பதை அதில் தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்துப் பார்த்துவிடலாம்; ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். சமையலறைத் தராசு இல்லாதவர்கள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். பிறர் செய்முறையைப் படிக்க அதைவிட நல்ல அகராதி இல்லை.

கேஸ்டர் சர்க்கரை என்பது நுண்ணிய படிகங்கள் கொண்ட சர்க்கரை. நம் சர்க்கரை அதைவிடப் பெரிய பரல். 165 கிராம் எடைபோட்டு எடுத்து, மிக்ஸியில் இரண்டு மூன்று முறை மட்டும் விட்டு விட்டு ஓட்டுங்கள். மாவாகிவிடக் கூடாது, ரவை பதம் போதும். செல்ஃப் ரெய்சிங் மாவு என்பது பேக்கிங் பவுடர் கலந்த மைதா. நம் கடைகளில் எளிதில் கிடைக்காது; தேவையும் இல்லை. 40 கிராம் மைதாவில் அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து இரண்டு முறை சலித்துக்கொண்டால் அதே பொருள்தான்.

வெண்ணெய் உப்பில்லாததாக இருக்கட்டும். ரொட்டியில் தடவும் மஞ்சள் வெண்ணெயில் உப்பு உண்டு. அது மட்டும்தான் இருக்கிறது என்றால் மாவில் சேர்க்கும் உப்பை விட்டுவிடுங்கள். முட்டையில் அளவைக் கவனிக்க வேண்டும். அங்கே பெரிய முட்டை ஓட்டுடன் 60 கிராமை ஒட்டி இருக்கும். இங்கே 50 கிராமுக்குக் கீழும் வருகிறது. மூன்றும் சேர்ந்து 165 கிராமுக்குக் குறைந்தால், நான்காவது முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

“மிதமான அடுப்பு” என்பது பழைய சமையல் குறிப்புகளின் சொல். வெப்பமானியில்லாத அடுப்புகளின் காலத்து வழக்கு. அதன் பொருள் 180 டிகிரி செல்சியஸ். உள்ளே விசிறி சுழலும் அவன் என்றால் 160.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் இங்கே 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். உயர்ந்த இடங்களில் கேக் வேகமாக எழும்பிப் பிறகு அமிழ்ந்துபோவது உண்டு. இந்தப் பண்டத்துக்கு அது பெரிய தொல்லை அல்ல, ஏனென்றால் அமிழ்ந்தாலும் கீழே குழம்பு தாங்கிக்கொள்கிறது. பேக்கிங் பவுடரைத் தலைதட்டி அளந்தால் போதும், குவித்து எடுக்க வேண்டாம்.

செய்யத் தொடங்கும் முன்

ஒன்றரை லிட்டர் கொள்ளும் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் ஒன்று வேண்டும். அதைவிடப் பெரிய, விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்று வேண்டும்; பாத்திரம் அதற்குள் உட்கார்ந்து சுற்றிலும் தண்ணீர் நிற்க வேண்டும். இரண்டையும் காலியாகவே அவனுக்குள் வைத்து, கதவு மூடுகிறதா, மேல் கம்பிக்கும் பாத்திரத்துக்கும் இடையே நான்கு விரல் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நம் வீடுகளில் உள்ள சிறிய மின் அவன்களில் இது கட்டாயம். முட்டையை அடித்து வைத்துக்கொண்டு தட்டுத் தேடினால் நுரை காத்திருக்காது.

வெண்ணெயும் பாலும் முட்டையும் அறை வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். முட்டையை மட்டும் குளிர்ச்சியாக இருக்கும்போதே உடைத்து வெள்ளை, மஞ்சள் பிரித்துவிட்டு, பிறகு வெளியே வையுங்கள். குளிர்ந்த முட்டை சுத்தமாகப் பிரியும், குளிர் தணிந்த வெள்ளைக்கரு நன்றாக நுரைக்கும். வெள்ளையில் மஞ்சள் ஒரு துளி விழுந்தாலும் நுரை சரியாக எழும்பாது. எனவே ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். அவனை 180 டிகிரியில் பதினைந்து நிமிடம் சூடாக்குங்கள். பாத்திரத்தின் உட்புறம் வெண்ணெய் தடவுங்கள். ஒரு பாத்திரம் தண்ணீரை அடுப்பில் வைத்துவிடுங்கள்.

கலவை

துருவிய தோலைச் சர்க்கரையில் போட்டு விரல் நுனிகளால் ஒரு நிமிடம் கசக்குங்கள். இது மூதாட்டியின் குறிப்பில் இல்லை. ஆனால் பொருளையோ அளவையோ மாற்றுவதில்லை என்பதால் இதற்கு மட்டும் விலக்கு அளித்தேன். சர்க்கரைப் பரல்கள் எண்ணெய்ப் பைகளைக் கிழித்து மணத்தை வாங்கிக்கொள்ளும். சர்க்கரை ஈர மணல்போல் ஆகி, சமையலறை முழுவதும் வாசனை எழும். அந்த வாசனைதான் கடைசி வரை நிற்கிறது.

அதில் வெண்ணெயைச் சேர்த்து, நிறம் வெளிறும் வரை நன்றாகக் குழையுங்கள். வெண்ணெய் குறைவு, சர்க்கரை அதிகம் என்பதால் கேக் கலவையைப்போல் பஞ்சாக வராது, உதிரியாகத்தான் இருக்கும். கவலை வேண்டாம். மஞ்சள் கருவை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் இளகிவிடும். பிறகு சலித்த மாவைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கலந்து, 250 மில்லி பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கரையுங்கள்.

கடைசியில் 85 மில்லி எலுமிச்சைச் சாறு. இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். சாறு இறங்கியதும் கலவை திரிந்ததுபோல் ஆகிவிடும். பால் புளித்தால் திரியும் என்பதைப் பன்னீர் செய்த ஒவ்வொருவரும் அறிவோம். கண் அதைத்தான் பார்க்கும், கை கலவையைக் கொட்டப் போகும். கொட்டாதீர்கள். மாவும் மஞ்சள் கருவும் அந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கின்றன. வெந்து வரும்போது எல்லாம் ஒன்றாகி வழவழப்பாகிவிடும். என் அத்தை அன்று பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “பால் திரிந்துவிட்டதே அம்மா, வேறு பால் காய்ச்சட்டுமா?” என்று கேட்டார். “இல்லை அத்தை, இது இப்படித்தான் இருக்க வேண்டுமாம்” என்று சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் அப்போது நம்பிக்கை இல்லை. இன்று உறுதியாகச் சொல்கிறேன், அது இப்படித்தான் இருக்க வேண்டும்.

இனி வெள்ளைக்கரு. ஸ்டீல் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, பிழிந்து முடித்த எலுமிச்சை மூடியால் உட்புறம் ஒரு முறை தேய்த்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். அந்தச் சிறிது புளிப்பு நுரையையும் உறுதியாக்கும். கையில் பிடிக்கும் மின் அடிப்பானால் இரண்டு மூன்று நிமிடம் அடித்தால் போதும். அடிப்பானைத் தூக்கினால் நுரை கொக்கிபோல் எழுந்து நுனி மட்டும் வளைய வேண்டும். நுனி வளையாமல் ஊசிபோல் நின்றால் அடித்தது அதிகம். அந்த நுரை கலவையில் கட்டி கட்டியாக மிதக்கும்.

நுரையில் கால் பங்கை எடுத்துக் கலவையில் தாராளமாகக் கலந்துவிடுங்கள். மீதியை இரண்டு தடவையாகப் போட்டு, அகன்ற கரண்டியால் அடியிலிருந்து மேலே மடித்து மடித்துக் கலக்க வேண்டும். கை மென்மையாக இருக்கட்டும். ஆங்காங்கே வெள்ளைத் திட்டுகள் தெரிந்தாலும் நிறுத்திவிடலாம். கலவை ரவா தோசை மாவைவிடச் சற்று கெட்டியாக, மேலே நுரைத்துக்கொண்டு இருக்கும். கேக் மாவின் கெட்டித்தனத்தை எதிர்பார்த்து மைதா சேர்த்துவிடாதீர்கள். நுரையோடு மாவு மேலே மிதக்க, பாலும் சாறும் சர்க்கரையும் கீழே இறங்க, அந்தப் பிரிவுதான் இந்தப் பண்டம். கெட்டியாக இருந்தால் பிரியாது.

அவனில்

கலவையைப் பாத்திரத்தில் ஊற்றி, தட்டின் நடுவே வைத்து, தட்டை அவனின் கீழ் அடுக்கில் வைத்த பிறகே சுடுநீரை ஊற்றுங்கள். தண்ணீர் பாத்திரத்தின் பாதி உயரம் வரை வர வேண்டும். வெளியே நிரப்பிவிட்டுத் தூக்கினால் தளும்பும்.

இந்தத் தண்ணீர் எதற்கு? அடியில் இருக்கும் குழம்பு முட்டையால் கெட்டியாவது. முட்டைக்கு நேரடி வெப்பம் பட்டால் துகள் துகளாகிவிடும். சுற்றியுள்ள தண்ணீர் கொதிநிலைக்கு மேல் போகாது என்பதால் குழம்பு மெதுவாகக் கெட்டியாகிறது. மேற்புறம் மட்டும் உலர்ந்த வெப்பத்தில் பொன்னிறமாகிறது. குக்கரில் ஆவியில் வைக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. வேகும், ஆனால் அந்தப் பொன்னிற மேற்புறம் வராது. அது இல்லாமல் இதைச் செய்ய எனக்கு மனமில்லை.

முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்க வேண்டாம். சிறிய அவன்களில் மேல் கம்பி அருகில் இருப்பதால் 25 நிமிடத்திலேயே நிறம் ஏறிவிடக்கூடும். அப்படியானால் அரை மணிக்குப் பிறகு அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போட்டுவிடுங்கள். 40 நிமிடத்தில் சோதிக்கலாம். குச்சி குத்திப் பார்க்கும் வழக்கம் இங்கே உதவாது. குச்சி அடிவரை போனால் ஈரமாகத்தான் வரும், வர வேண்டும். விரலால் மேற்புறத்தைத் தொட்டால் அமுங்கி எழ வேண்டும். பாத்திரத்தை மெல்ல அசைத்தால் கேக் அசையாமல், அதன் அடியில் ஏதோ ததும்புவதுபோல் உணர வேண்டும். அவ்வளவுதான், எடுத்துவிடுங்கள். என் அவனில் 43 நிமிடம் ஆகிறது.

பாத்திரத்தைத் தண்ணீரிலிருந்து தூக்கி வெளியே வைத்துப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். நேரம் போகப்போகக் கேக் குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் குளிர்ச்சியாகச் சாப்பிட்டாலும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த இரண்டு அடுக்கு இருக்காது. விருந்தினர் வரும் நாளில் அவர்கள் சாப்பிட உட்காரும்போது இது அவனுக்குள் போக வேண்டும்.

என்ன தவறினால் என்ன ஆகும்

முதல் முறை சரியாக வராவிட்டால் பண்டமே சொல்லிவிடும். குழம்பே இல்லாமல் முழுதும் கேக்காக இருந்தால், நேரம் அதிகமாகிவிட்டது அல்லது மாவு கூடிவிட்டது. கேக் மெல்லிய தோலாக மட்டும் நின்று மீதியெல்லாம் குழம்பு என்றால், நுரை கலக்கும்போது உடைந்திருக்கிறது, அல்லது மாவுக்கு 15 மில்லி கரண்டியைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். குழம்பு துகள் துகளாக இருந்தால் தண்ணீர் குறைந்துபோய் அடியில் சூடு ஏறியிருக்கிறது. கசந்தால் துருவும்போது வெள்ளைத் தோலைத் தொட்டுவிட்டீர்கள். முட்டை வாடை வந்தால், முட்டையைக் குறை சொல்வதற்கு முன் எலுமிச்சையை அளந்தீர்களா என்று பாருங்கள். போதிய தோலும் சாறும் இருந்தால் அந்த வாடை எழுவதே இல்லை. முட்டை சேர்க்காமல் செய்ய வழி கேட்காதீர்கள். மேலே உள்ள நுரையும் கீழே உள்ள குழம்பும் முட்டை செய்யும் வேலை. அதை எடுத்துவிட்டால் இது வேறு இனிப்பு.

முதல் முறைக்குப் பிறகு

ஒருமுறை மூதாட்டியின் பண்டம் அவர் சொன்னபடி வந்துவிட்டால், பிறகு நம் விருப்பம். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம், தேதியுடன் குறிப்பேட்டில். அத்தை தொடக்கத்திலிருந்தே ஏலக்காய் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை சேர்த்தோம். ஏலம் எலுமிச்சையை முழுவதுமாக மூடிவிட்டது. அத்தையே, “அடுத்த முறை வேண்டாம், பாயசத்துக்கே இருக்கட்டும்” என்றார். சர்க்கரையை 165 கிராமிலிருந்து 140 ஆகக் குறைத்தது எங்களுக்குப் பிடித்திருக்கிறது. அதற்கும் கீழே போனால் புளிப்பு பல்லைக் கூசவைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் கூர்க் கமலா ஆரஞ்சு. குடகு மலையில் காப்பித் தோட்டங்களுக்கிடையே விளையும் அந்தச் சிறு பழத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு. முற்றிப் பழுத்த பிறகும் தோலில் பச்சை கலந்திருக்கும். சாறு 60 மில்லி கமலாவும் 30 மில்லி எலுமிச்சையும். கமலாச் சாறு மட்டும் போட்டால் புளிப்புப் போதாமல் குழம்பு மொத்தமாக இனிக்கும். இந்தப் பழத்தைத் துருவியில் அழுத்த வேண்டாம். பழத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு துருவியைப் பழத்தின்மேல் மெல்ல ஓட்டுங்கள். மற்ற அளவெல்லாம் அதே.

செய்து முடித்ததும், தந்தவருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். வெறும் நன்றியுடன் நிறுத்தாமல், எந்த அளவு நம் ஊரில் எவ்வளவாக ஆனது என்றும் எழுதுங்கள். அண்ணி மூலம் நான் அனுப்பிய கணக்கைப் பார்த்துவிட்டு, அந்த மூதாட்டி பதிலுக்கு நம் ரசத்தின் செய்முறையைக் கேட்டிருக்கிறார். எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டிய புளியைத் தராசில் வைத்தேன், 26 கிராம் இருந்தது. மிளகு, சீரகம், துவரம்பருப்பு எல்லாவற்றையும் அப்படியே எடைபோட்டு எழுதி அனுப்பினேன். நேற்று அண்ணி கூப்பிட்டு, “ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலை என்றால் எத்தனை இலை என்று கேட்கிறார்” என்றார். பால்கனித் தொட்டியில் ஒரு ஈர்க்கைக் கிள்ளி எண்ணினேன். பதினேழு இலைகள் இருந்தன, அதையும் எழுதிவிட்டேன்.